பூக்கை சிஸ்டர் அழுத்தப் பழகிய கதை

டயாலிசிஸ் பிரிவில் அவளுக்குப் பூக்கை சிஸ்டர் என்று பெயர். ஊசி போட்டதே தெரியாது என்று நோயாளிகள் புகழ்வார்கள், அவளுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. அவளோடு ஒன்றாக வேலையில் சேர்ந்த தோழிக்கு வைத்த பெயர் இடி சிஸ்டர். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள்.

லாரி டிரைவர் ஒருவருக்குக் கழுத்தில் வைத்த குழாய் வழியாகத்தான் ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ஏற்கெனவே இரண்டு குழாய்கள் அடைத்துப்போய் மாற்றியாகிவிட்டது. கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள், ஆனால் அது ஊசி தாங்கும் அளவுக்குத் தேற வாரக்கணக்காகும். அதுவரை இந்தக் குழாய் தாக்குப்பிடித்தே ஆக வேண்டும், இனி ஒன்று வைக்க இடமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதுவும் ஒருநாள் முரண்டு பிடித்தது. உள்ளே உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து விட்டு ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே காத்திருந்த டிரைவரின் மனைவி பூக்கை சிஸ்டரிடம் வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஏன் சிஸ்டர், அந்த இடி சிஸ்டர் குழாயை மூடி அனுப்புனா மட்டும் அடுத்த தடவை மெஷின் சத்தம் போடாம ஓடுதே?"

சுருக்கென்றது. வீட்டுக்குப் போயும் கோபம் ஆறவில்லை. மறுநாள் வீம்பை விழுங்கிக்கொண்டு, தோழி குழாயை மூடும்போது பக்கத்தில் போய் நின்றாள். படித்த பாடம்தான். உப்புநீரை விட்டு விட்டு வேகமாகத் தள்ளினால்தான் உள்ளே ஒட்டிய ரத்தம் கழுவிப்போகும். பிறகு, உறையாமல் காக்கும் மருந்தைக் குழாய் கொள்ளும் அளவுக்கு நிரப்பி, சிரிஞ்சிலிருந்து விரலை எடுக்கும் முன்பே கிளிப்பை மூட வேண்டும். விரலை முதலில் எடுத்தால் ரத்தம் பின்னால் ஏறி நுனியில் உறைந்துவிடும். கழுத்துக்குள் சில்லென்று பாய்ந்தால் டிரைவர் முகம் சுளிக்கிறாரே என்று பாவம் பார்த்து, இவள் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளியிருக்கிறாள், கிளிப்பையும் நிதானமாகவே மூடியிருக்கிறாள்.

"குழாய்க்கு வலிக்காதுடி. நீ பாவம் பாக்குறது அவருக்கா, உன் பேருக்கா?" என்றாள் தோழி.

அன்றிலிருந்து பூக்கை சிஸ்டர் அழுத்தினாள். டிரைவர் நெளிந்தார். பழைய கை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அதுக்கு லீவு விட்டாச்சு அண்ணே. பேசாம படுங்க."

குழாய் அடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் திறக்கும்போது ரத்தம் தாராளமாக வரும். டிரைவரின் கையில் இணைத்த ரத்தக்குழாயும் தேறியது. அதில் பல தடவை ஊசி போட்டு மெஷின் மக்கர் பண்ணாமல் ஓடிய பிறகு, கழுத்துக் குழாயை டாக்டர் உருவி எடுத்தார். பூக்கை சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

காயம் ஆறிய பிறகு ஒருநாள் டிரைவர் ஈரத் தலையோடு மனைவியுடன் வந்து நின்றார், சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது.

"குழாய்ல ஈரம் படக்கூடாதுன்னு இத்தனை மாசம் துணியை நனைச்சுத் துடைச்சே ஓட்டினேன் சிஸ்டர். இன்னிக்குத் தலையோட தண்ணி ஊத்தினேன். இவ கதவை இடிக்கிற வரைக்கும் நிறுத்தல."