மேல்பட்டியில் இரண்டு துளைகள்

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிப் போட்ட பிறகுதான் ஆபிரகாம் அறுப்பு மெஷினின் பிளேடில் கை வைப்பார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டைப் பல் பல்லாகத் தேய்ப்பார். "மெழுகு காட்டலைன்னா அலுமினியம் பல்லுல அப்பிக்கிடும். அப்புறம் அது அறுக்காது, கடிக்கும்" என்பார்.

தாராவியில் கீழே படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை, மேலே வீடு. நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதன் ஒரு கால் தரையில் படியாது. மனைவி லூர்து மேரி ஏறும்போதெல்லாம், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வந்து அடியைப் பிடித்துக்கொள்வார். சண்டை போட்ட நாளிலும் பிடிப்பார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அலுமினியப் பட்டியை அளந்து, அறுக்கும் இடத்தில் காகித டேப் ஒட்டி, பின்னால் ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்து இறுக்குவார். பிளேடு முழு வேகம் எடுக்கும்வரை பொறுத்து, மெல்ல இறக்குவார். அறுத்த பின்னும் அது நிற்கும்வரை மேலே தூக்க மாட்டார். பிசிறை அரத்தால் இழுத்துவிட்டு, இரண்டு துண்டுகளை மூலையில் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசியாவிட்டால், "பரோபர், சரியா இருக்கு" என்பார். கசிந்தால் அந்தத் துண்டு ஏதாவது சின்னப் படத்துக்குப் போகும்.

படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. "கொக்கி வேணுமா?" என்பதோடு சரி. சட்டத்தின் மேல்பட்டியில் இரண்டு துளை போட்டு, மாலை மாட்டக் கொக்கி திருகுவது இறந்தவர்களுக்கு மட்டும். போன வாரம் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்த இசக்கிப்பாண்டி, அதுவும் ஓர் அலங்காரம் என்று எண்ணித் தலையாட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் கத்தினார்: "அண்ணாச்சி, ரேஷன் கார்டுல எம்பேரு இன்னும் ஏறவே இல்ல. அதுக்குள்ள எடுக்கப் பாக்கீரா?"

ஆபிரகாம் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ரெனால்ட் ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை. மழைக்காலத் தொடக்கத்தில், தளத்தில் நின்றவனைக் காணவில்லை என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. அவன் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கலாமே என்று சொந்தக்காரர்கள் வாயெடுத்தால் லூர்து மேரி எழுந்து போய்விடுவாள். இப்போது கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. அவன் யூனிஃபார்மில் நிற்கும் படத்தை நேற்று அவளே கொண்டுவந்தாள்.

"மேல செவுத்துல மாட்டணும். நாலு வீட்டுல பிள்ளையள் படம் மாட்டுத மாதிரி. கொக்கி கிக்கி வச்சிராதிய."

"எனக்குத் தெரியாதாட்டி?" என்றார்.

கீறலில்லாத பட்டியாகத் தேடி எடுத்து அறுத்தார். நான்கு மூலையிலும் வெளிச்சம் கசியவில்லை.

இன்று காலை அவள் இறங்கி வந்து படத்தைக் கையில் வாங்கினாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். மேல்பட்டியில் ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது. கொக்கி இல்லை. ஆனால் துளை இருந்தது. அந்தப் பக்கமும் ஒன்று.

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. துளை போடும் மெஷினை எப்போது கையில் எடுத்தார் என்று யோசித்துப் பார்த்தார். நினைவில்லை.

"கை வாக்குல விழுந்துட்டு, மேரி. சட்டத்தைத் தலைகீழாக்கிப் படத்தை வச்சா துளை கீழ போயிரும். யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்லா?" அவள் குரல் உயரவில்லை. "ஊருல அத்தனை பேர்ட்டயும் கேட்டுட்டுத்தான துளை போடுவிய. நான் வேண்டாம்னு சொல்லியும் போட்டிருக்கிய. நெசத்தைச் சொல்லுங்க. அவன் வர மாட்டான்னு எப்ப முடிவு பண்ணுனிய?"

அவர் மெழுகுத் துண்டை எடுத்தார். பிளேடில் மெழுகு பூசியே இருந்தது. துண்டைத் திரும்பக் கீழே வைத்தார்.

லூர்து மேரி பின்னட்டையைக் கழற்றிப் படத்தை மட்டும் உருவினாள். சட்டத்தை மேஜையில் வைத்துவிட்டு, மகன் முகம் நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி படத்தை அணைத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். ஆபிரகாம் எழுந்துபோய் அடியைப் பிடித்தார். அவள் கீழே பார்க்காமல் ஏறினாள். கடைசிப் படியைத் தாண்டி அவள் பாதம் மறைந்தது. ஆட்டம் நின்ற ஏணியை அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.