பெயருக்கு முன்னால் ஒரு விளக்கு

சிம்மக்கல்லில் பத்திரிகை அடிக்கும் கடையொன்றில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர் நாகஜோதி. அங்கேயே அச்சு ஓட்டுகிறவன் நான். காதுகுத்து, கல்யாணம், புதுமனை என்று எந்தப் பத்திரிகை வந்தாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். கை வேகமோ வேகம். அந்த வேகத்தில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு; சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

காலமானவர் பெயருக்கு முன்னால் குட்டியாக ஒரு விளக்குப் படம் வைப்பது எங்கள் கடை வழக்கம். படத்தை ஓர் எழுத்தைப் போலவே வரிக்குள் சேர்த்துவிடலாம். எழுத்து நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். நாகஜோதி அப்படிச் செய்ய மாட்டார். நாலு தட்டு தட்டி இடைவெளி விட்டு, அதன் மேல் விளக்கை இழுத்து வைத்துவிடுவார். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒட்டு இருக்காது. நான் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை.

போன ஆவணியில் பேரையூரிலிருந்து மாயக்காள் வந்தார். மகள் பாண்டிமீனாவுக்குக் காதுகுத்து. கணவர் காசிமாயன் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 'தாய்மாமன் அழகுபாண்டி மடியில்' என்று ஒரு வரி, அதற்கடுத்த வரியில் விளக்கோடு காசிமாயன் பெயர். எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு ஊருக்குப் போனார்.

மறுநாள் போன் வந்தது. பெரியப்பா தமிழ்மாறன் பெயர் விட்டுப்போய்விட்டதாம், மேலே சேர்க்க வேண்டுமாம். நாகஜோதி ஒரு வரி சேர்த்தார். எழுத்தெல்லாம் ஒரு வரி கீழே இறங்கியது; விளக்கு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. இப்போது அந்த இடத்தில் அழகுபாண்டி; காசிமாயன் விளக்கில்லாமல் அதற்குக் கீழே. எழுத்தில் இடிக்காமல் பெயருக்கு முன்னால் அம்சமாக உட்கார்ந்துகொண்டதால் அவர் கண்ணில் படவில்லை. முந்நூறு கார்டு ஓட்டிய என் கண்ணிலும் படவில்லை, பிறகு அவரைச் சொல்ல எனக்கென்ன வாய்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. உயிரோடு இருக்கிற தனக்கு விளக்கு வைத்திருப்பதைப் பார்த்த அழகுபாண்டி, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டைத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமன் மடி இல்லாமல் காது குத்துவதாவது. மாயக்காள் போனில் அழுதார், எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாகஜோதி யார் மேலும் பழி போடவில்லை. விளக்கை வரிக்குள்ளேயே எழுத்தாகச் சேர்த்தார். மேலே ஒரு வரியைப் போட்டுப் பார்த்தார். காசிமாயன் பெயரோடு விளக்கும் இறங்கியது. அந்த வரியை அழித்தார், இரண்டும் ஏறின. புதுக் கார்டை ஓட்டி எடுத்துக்கொண்டு பேரையூருக்குப் பஸ் ஏறினார்.

அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அழகுபாண்டி வீட்டில் மாயக்காள் தட்டோடு நிற்க, நாகஜோதிதான் பேசியிருக்கிறார்.

"தப்பு என்னோடதுண்ணே. தங்கச்சிய ஒண்ணும் நெனச்சுக்கிறாதீங்க."

அழகுபாண்டி புதுக் கார்டை வெகுநேரம் பார்த்தார். கோபம் இருந்த முகத்தில் வேறென்னவோ வந்தது. தங்கை கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாயக்காளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பழைய கார்டைக் கொடுத்தால் கிழித்துவிடலாம் என்று நாகஜோதி கை நீட்டினார். அழகுபாண்டி அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"இதுல மாப்ள உசுரோட இருக்காப்ல. எங்கிட்டயே கெடக்கட்டும் தாயி."