சாவு வீட்டு மீன்சாறு

இந்தத் தீவில் துணிக்கொடியில் சட்டைக்குப் பக்கத்திலேயே பேய்க்கணவாயையும் காயப்போடுகிறார்கள். எட்டுக் காலும் காற்றில் ஆடும். பாறையில் ஓங்கி ஓங்கி அடித்து, வெயிலில் சுண்டவைத்து, கரியில் சுட்டால்தான் அவர்களுக்கு அது சாப்பாடு. அடிப்பது என் வேலை. மாமல்லபுரத்தில் இது வலையில் ஏறினால் அப்பா திட்டிக்கொண்டே வீசிவிடுவார். கோடையில் வெள்ளைக்காரர்கள் வந்து, யாருக்கும் தெரியாத கிரேக்கத் தீவைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிப்பார்கள். ஊரில் கடற்கரை ஓட்டலில் இறால் வறுத்தபோதும் இதே குதிப்பைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போய்விடுவார்கள். நான் போக முடியாது. என்னிடம் விசா காகிதம் கிடையாது. கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். என்னை நம்பித்தான் அங்கே வீடு ஓடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு குளிர்காலக் காலையில், நான் வேலை செய்யும் தவெர்னா என்கிற சாப்பாட்டுக் கடைக்குத் தம்பி போன் செய்தான்.

"அண்ணாத்த, நைனா பூட்டாரு. நீ வர முடியாதுன்னு தெரியும், நானே கொள்ளி வெச்சிட்டேன். கருமாதி வரிக்கும் கவிச்சி தொடாத, இன்னா?"

மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளி. அது கைவிட்டுப் போனது. மீனைச் சாப்பிடாமலிருப்பது ஒன்றுதான் மகனாக எனக்கு மிச்சம். அதையாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். தாத்தா செத்தபோது அப்பா கருமாதிவரை வலையைத் தொடவில்லை. கருவாட்டுப் பானையைக்கூட வெளியே கொண்டுபோய் வைத்தார்.

மதியம் தவெர்னாக்காரி இரினி, சாவுச் செய்தி தெரிந்து, மேசைகளைச் சேர்த்துப் போட்டாள். மீன்காரர்கள் நான்கைந்து பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். பாறைமீனும் உருளைக்கிழங்கும் போட்ட ககாவியாச் சாற்றை என் முன்னால் வைத்தாள். இங்கே அடக்கம் முடிந்ததும் மீன்தான் சாப்பிடுவார்கள். செத்தவருக்குச் செய்கிற மரியாதை அது.

வேண்டாம் என்று கையசைத்தேன்.

"உன் பாபாவுக்கு," என்றாள்.

எங்கள் வழக்கத்தைச் சொல்ல என் கிரேக்கம் போதாது. மீன்களின் பெயரும், கழுவு, வெட்டு என்பதும்தான் எனக்குத் தெரியும். புளிப்புப் போதவில்லை என்று நினைத்து இன்னொரு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டாள். யாரும் கரண்டியை எடுக்கவில்லை. நான் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அப்பாவுக்காக என்னோடு உட்கார இந்த ஊரில் அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கே வீட்டில் அடுப்பில் மீன் ஏறாத அத்தனை நாளும் நான் இங்கே மீன் அரிந்தேன். கருமாதியன்று தம்பி மொட்டை போட்டுக்கொண்டு கடலில் முழுகியிருப்பான். நானும் இங்கே குளிரில் கடலுக்குள் இறங்கினேன். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் கையில் மீன் வாடை போகவில்லை.