கோல்டு

கெட்டுப்போன பூண்டைப் போல ஒரு வாசம். வெல்டிங் பட்டறையைக் கடக்கையில் கேஸ் லேசாகக் கசிந்தால் போதும், இப்போதும் என் கால் நின்றுவிடும். துளை தூர்ந்துபோன காது மடலைக் கை தானாகப் போய்த் தொடும். அப்பாவின் சட்டையில் இருந்தது அந்த வாசம்தான்.

அப்பா துத்தநாகம் அடிப்பவர். பெயின்ட் அடிப்பது போலத்தான், ஆனால் உலோகத்தை. துப்பாக்கி போல ஒரு கருவி. பின்பக்கம் கம்பி நுழையும், வாயில் கேஸ் தீ எரியும், உருகியதைக் காற்று தூறலாக்கி இரும்பின்மேல் ஊதும். ஏற்காட்டு மழையில் துருப்பிடிக்காத இரும்பு ஏது? எஸ்டேட் கேட்டுகள், காப்பிப் பழம் உரிக்கும் மெஷினின் மூடிகள், தண்ணீர்த் தொட்டிகள். தொட்டி என்றால் உள்ளே இறங்கி அடிக்க வேண்டும். வெளியே வரும்போது மாவு மில்லிலிருந்து வருபவரைப் போல வெளுத்திருப்பார்.

அன்று சாயங்காலமே நடுக்கம் தொடங்கும். வாயெல்லாம் இனிக்கிறது என்பார். இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடும். காலையில் ஒன்றுமே நடக்காதது போல வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவார். மலைக் குளிர் என்று அம்மா மிளகுக் கஷாயம் வைத்தாள். வாய் இனிக்கிற காய்ச்சல் எனக்கு ஏன் வருவதில்லை என்று நான் பொறாமைப்பட்டேன்.

இருமல் மட்டும் ஒரு மழைக்காலத்தில் வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது.

அப்போதுதான் அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் வெள்ளக்கடை கிராமத்தில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஐதராபாத்துல ஒரு கம்பெனிங்க. கோல்டு ஸ்பிரே. தீயே கெடையாது, பொகையே கெடையாது. உங்க நெஞ்சுக்கு நொம்ப நல்லதுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, தங்கத்தையா அடிக்கிறாங்க? அப்ப வரும்போது சட்டைய ஒதறாம வாங்க. ஊட்டுக்கு வந்ததும் நான் ஒதறிக்கறேன்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் அவளைத் திருத்தவில்லை.

கோல்டு என்றால் தங்கம் என்று நான்காம் வகுப்பில் படித்திருந்தேன். குளிருக்கான இங்கிலீஷ் சொல்லும் எங்கள் வாயில் அதே கோல்டுதான் என்பது யாருக்குத் தோன்றியது? உலோகப் பொடியை உருக்காமல், வெறும் வேகத்தால் மோதவிட்டே ஒட்டவைக்கும் தொழில் அது என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அதன் பக்கத்தில் நின்று ஒரு மனிதன் மூச்சு விடலாம்.

அந்தக் கம்பெனியின் டாக்டர், வேலைக்கென்று அங்கே போய்ச் சேர்ந்த அப்பாவின் நெஞ்சுப் படத்தைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டாராம். மாமா பிறகு சொன்னதுதான். அப்பா ஊர் திரும்பவில்லை. அங்கேயே ஒரு பட்டறையில் மறுபடி தீயைப் பிடித்தார். கோடை பிறக்குமுன் அவர் உடலை ஒரு வேன் கொண்டுவந்தது. சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி, அதற்குள் என் தோடுகள். பொன் நிறம், ஆனால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. வெண்கலக் கம்பியை உருக்கி அடித்தது. தங்கம் இல்லை என்று கண்டுபிடித்ததும், ஒன்பது வயதில், இறந்துபோனவரோடு நான் கோபித்துக்கொண்டேன். அந்த நிறத்துக்காக அவர் இன்னொரு முறை புகையில் நின்றிருப்பார் என்று அன்று தோன்றவே இல்லை.

அவர் கிளம்பிய காலையில் ஒரே பனி. பஸ் தெரியவில்லை, ஹாரன் மட்டும் வளைவு வளைவாக ஏறி வந்தது. நான் காதிலிருந்த, கறுத்துப்போன பித்தளைத் தோடுகளைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அம்மா துடைப்பத்திலிருந்து இரண்டு குச்சிகளை ஒடித்து என் காதில் சொருகினாள்.

"இதுக்குக் கோல்டு அடிச்சுக் கொண்டாங்கப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பனியைப் பார்த்தாள். படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"அடிச்சுக் கொண்டாறேன் சாமி. அதுவரைக்கும் குச்சிய எடுத்துராத கண்ணு. தூந்துரும்."