கேஜ் கம்பியில் இரண்டு கோடுகள்

அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னிவிடும்போதெல்லாம் அவள் விரல்களில் ஒட்டியிருந்த லாரி ஆயிலின் வாசம் தேங்காய் எண்ணெய் வாசத்தையும் மீறிக்கொண்டு என் தலையில் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருவாள். லாரி எங்களுடையதல்ல. அது ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த ஓனருடையது, அப்பா அதன் டிரைவர். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். வீட்டுக்கு எதிரே இருந்த காலி மைதானத்தில்தான் மூக்கு நீண்ட அந்தப் பழைய லாரி நிற்கும்.

டிரைவர் பெண்டாட்டியின் கையில் ஆயில் வாசம் எதற்கு என்று கேட்பீர்கள். அப்பாவுக்குத் தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரியும், கையில் பிடித்த ரேஷன் கார்டு தெரியாது. கண்ணாடி போட்டால் ஓனர் வேறு ஆள் பார்த்துவிடுவார் என்ற பயம். அப்பாவுக்கு முன்னால் அந்த லாரியை ஓட்டியவரின் வேலை அப்படித்தான் போனது. கிளீனருக்குத் தெரிந்தாலும் ஓனர் காதுக்குப் போய்விடும். அதனால் அவன் வருவதற்கு முன்பே, விடியற்காலையில், அம்மா பானெட்டுக்குள் தலையை விட்டு, 'கேஜ் கம்பி'யை உருவி, 'வேஸ்ட்' என்கிற நூல் கழிவால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஆயில் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வாள். கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் வெட்டியிருக்கும், ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். பழைய இன்ஜின், குடித்துக்கொண்டே இருக்கும், வாரத்துக்கு ஒருமுறையாவது அப்பா அரை லிட்டர் ஊற்றியாக வேண்டும்.

எனக்குப் பதினோரு வயதில், ஒரு மார்கழியில், சித்தியின் பிரசவத்துக்காக அம்மா ஆற்காட்டுக்குப் போனாள். கம்பி என் கைக்கு வந்தது. பஸ் ஏறும்போது சொன்னாள்: "அப்பாக்குக் கண்ணு தெரிலன்னு எவன் கைலயும் சொல்லிடாத. கோட்டப் பாரு, பாத்ததச் சொல்லு, அவ்ளோதான்."

நான் பம்பர் மேல் ஏறி நின்று பார்ப்பேன். அப்பா பின்பக்கம் போய் இரும்புத் தடியால் டயர்களைத் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பார். "பாப்பா, கீழ்க்கோட்டுக்கு மேல கீதா?"

"கீதுப்பா."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. முதல் இரண்டு நாள் ஆயில் நடுவில் நின்றது, மூன்றாம் நாள் மேல்கோட்டைத் தொட்டது, அதற்கப்புறம் கோட்டைத் தாண்டியே ஏறத் தொடங்கியது. ஊற்றாமலே ஏறுகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா பார்த்தவரைக்கும் குடித்துக்கொண்டிருந்த இன்ஜின் நான் பார்க்கத் தொடங்கியதும் அடங்கிவிட்டது, எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். நிறமும் மாறியிருந்தது, கறுப்பாக இருந்தது பால் ஊற்றிய டீ போல வெளிறி, நுரைத்து, கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் பார்த்தேன். அப்பா நிறத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதே நாட்களில் அப்பா ரேடியேட்டருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "எங்கியும் ஒழுகல, தண்ணி மட்டும் எங்க போவுதுன்னே தெரில" என்று சாப்பிடும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது உள்ளுக்குள்ளேயே ஆயிலில் போய்க் கலந்துகொண்டிருந்தது. தண்ணீர் குறைவது அவருக்குத் தெரியும், ஆயில் ஏறுவது எனக்குத் தெரியும், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றோம்.

ஒன்பதாம் நாள் அத்திபெலேயைத் தாண்டியதும் இன்ஜின் இறுகிப்போய் லாரி நின்றுவிட்டது. கட்டி இழுத்து மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வெறும் தண்ணீர் கொட்டியது, அப்புறம் அந்த டீ நிறத்துக் குழம்பு. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். ஓனர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"டெய்லி ஆயில் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் சார்."

"யாரு பாத்தது?"

"நாந்தான் சார்."

"பாத்திருந்தா இந்தக் கலர் தெரியாதா? குருடனா நீ?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, கை கழுவி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா வந்தாள். பையைக் கீழே வைக்காமலே என்னைக் கேட்டாள்: "கம்பில வேற மாதிரி எதுனா தெரிஞ்சுதாடி?" "ஒண்ணும் தெரிலம்மா" என்றேன். "கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்" என்று அவள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு பல நாள் அழுகை வரும் என்று நானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல அந்த நாளை நினைத்து நினைத்துப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது.

அப்பா அதற்கப்புறம் வண்டி ஓட்டவில்லை. ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அங்கே கண்ணாடி போட்டுக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கேட்டுக்குள் வரும் லாரிகளின் நம்பரை நோட்டில் எழுதுவதுதான் வேலை. எந்த டிரைவரிடமும் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது, அந்தத் தெருவுக்குள் பகலில் லாரிகளை விடுவதில்லை. மூக்கு நீண்ட லாரியை என் பிள்ளைகள் பார்த்ததே கிடையாது. என் காரின் பானெட்டை நான் ஒருமுறையும் திறந்ததில்லை. எல்லாம் சர்வீஸ்காரர் பார்த்துக்கொள்கிறார். அப்பா போய் ஆறு வருஷமாகிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். உறவுக்காரர்கள் வந்து அப்பாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அந்தப் பத்து நாள் நான் ஊருக்குப் போவாம இருந்திருந்தா மனுசன் கடைசி வரைக்கும் டிரைவராவே இருந்திருப்பாரு. எல்லாம் என்னாலதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். முன்பெல்லாம் அந்தப் பேச்சு தொடங்கியதுமே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவேன். இப்போது எழுந்திருப்பதில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "விடும்மா, உன் தப்பு இல்ல" என்கிறேன். அப்படியென்றால் யாருடைய தப்பு என்று அவள் இதுவரை கேட்டதில்லை.