காசிம் பாய்க்கு ஒரு எஞ்சின்

காசிம் பாய் ரயில் எஞ்சின் ஓட்டியவர். கொதிக்கும் நீராவி பட்டுப் பார்வை போனபின் உறையூர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

அவர் தொட்டுப் பார்க்க, பித்தளைத் தகட்டில் சிறிய எஞ்சின் செய்யத் தொடங்கினேன். குறடால் மடித்தால் ஓரம் கோணியது. என் கண் பொறுத்துக்கொண்டாலும் அவர் விரல் கண்டுபிடித்துவிடும். அதனால் இரண்டு இரும்புப் பட்டைகளை ஒரு கதவுக் கீலால் இணைத்தேன். ஒன்றில் தகட்டை இறுக்கி மற்றதைத் தூக்கினால் மடிப்பு நேராக விழுந்தது.

முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த எஞ்சினைக் காசிம் பாய் மெதுவாகத் தடவினார். டிரைவர் ஜன்னலில் விரல் நின்றது. வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

"என்ன பாய்?"

"சும்மா இருங்க. காவேரிப் பாலம் வருது."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பாலத்தைக் கடந்தேன். பரிதாபப்படுவதைத் தவிர அவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியாதென்று அதுவரை நினைத்திருந்தேன்.