மூடியில் ஊற்றிய விஸ்கி

சோமனூரில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் டைப்பிஸ்ட். வெளிநாட்டுக் கடிதங்களில் இங்கிலீஷ் முழுக்க என்னுடையது. கையெழுத்து மட்டும் முதலாளியுடையது. ஏற்றுமதி மேனேஜர் நாற்காலி காலியானபோது, "அது உங்களுக்குத்தானுங்க அம்மணி" என்று அவரே சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

அந்த மாதம் ஸ்காட்லாந்து வியாபாரி ஒருவர் அவருக்கு ஒரு விஸ்கி பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பீட் என்கிற சதுப்பு மண்ணைக் காயவைத்து எரித்த புகையில் தானியத்தை உலர்த்தி, ஒயின் இருந்த மரப்பீப்பாயில் ஊறவைத்த சரக்கு என்று லேபிளில் இருந்தது. முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டிஞ்சர் வாசமடிக்குதுங்க. கெட்டுப்போனதாட்டம் இருக்குது. நல்லா இருந்துச்சுன்னு நாலு வரி எழுதிப்போடுங்க."

"ருசி தெரியாம எப்படிங்க எழுதறது?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அப்ப நீங்களே பாருங்க." சிரித்துக்கொண்டே பாட்டில் மூடியில் ஊற்றி நீட்டினார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

முதலில் ஆஸ்பத்திரி நெடி. பிறகு, என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போன கரும்பாலையில் ஈரக் கரும்புச் சோகை எரிகிற புகை. தொண்டை எரிந்து இறங்கியதும் நாக்கில் பன்னீர் திராட்சைத் தோலின் இனிப்பும் துவர்ப்பும் நின்றன. எனக்குப் பிடித்திருந்தது. அப்படியே எழுதினேன்.

பதில் வந்தது. பெரிய ஆர்டர். கூடவே, கையெழுத்துப் போட்டவரோடு இல்லை, இந்தக் கடிதத்தை எழுதியவரோடுதான் இனிப் பேச விரும்புகிறேன் என்று ஒரு வரி. அதைப் படித்தபோது அந்த மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

நாற்காலி முதலாளியின் அக்கா மகனுக்குப் போனது. நேராகப் போய்க் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. ஆபீஸ்ல உக்காந்து குடிச்ச பொம்பளைன்னு நாலு பேர் பேசறாங்க. உங்களுக்கு எப்படிங்க பொறுப்புக் குடுக்கறது?"

அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். அவர் பேப்பரைப் புரட்டினார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்.

அடுத்த வாரம் புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜையில் அந்த விஸ்கி பாட்டிலைக் காலி செய்து அதில் மணி பிளாண்ட் வைத்திருந்தார்கள்.

"அக்கா, அந்தத் திராட்சை லெட்டராட்டமே இன்னொண்ணு எழுதிக் குடுங்க. என் கையெழுத்துக்கு."

முதலாளி செய்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால் அன்று நான் மறுபேச்சு பேசாமல் எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.